மேல் வரியில் என்ன எழுத்து?

பாறசாலையில் இன்று இலவசக் கண் பரிசோதனை. கடையில் கண்ணாடி வாங்கக் கட்டுப்படியாகாது. வேதப்புத்தகம் வாசித்து ஒரு வருடமாகிறது. விடிந்ததும் போய் வரிசையில் நின்றேன்.

சோதிக்கிற பெண் சுவரில் தொங்கிய அட்டையைக் காட்டினாள்.

"அம்மச்சி, மேலே உள்ள வலிய அட்சரம் எது?"

"தெரியாது மக்கா."

"அதுக்குக் கீழே?"

"அதும் தெரியாது."

கண்ணாடி போதாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்று சீட்டு எழுதப் போனாள்.

"நில்லு மக்கா! தூரத்தில உள்ளது நல்லா தெரியுது. அது மலையாள எழுத்தாக்கும். எனக்குத் தமிழ்தான் வாசிக்கத் தெரியும்."

எங்கள் பாறசாலை கேரளத்தோடு போன எல்லைப் போராட்டக் காலத்தில் எங்கள் வகுப்பில் தமிழை நிறுத்தி, சார் பலகையில் மலையாளம் எழுதினார். அன்றைக்கே சிலேட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவள் நான். அந்த சாரை இன்னும் மன்னிக்கவில்லை. இன்றும் பஸ் போர்டைக் கேட்டுத்தான் ஏறுகிறேன்.

பெண் சிரித்துவிட்டு, மூன்று கால் உள்ள இங்கிலீஷ் எழுத்து பல பக்கம் திரும்பி நிற்கிற அட்டையை மாட்டினாள். "கால் எந்தப் பக்கம், அம்மச்சி?"

"களியக்காவிளைப் பக்கம். தமிழ்நாடு."

"இது?"

"நெய்யாற்றின்கரைப் பக்கம். கேரளம்."

கடைசி வரி வரைக்கும் தப்பவில்லை. வாசிக்க மட்டும் கண்ணாடி தந்தாள்.

அன்று எல்லை பிரித்தவர்களுக்கும் இந்த அட்டையை யாராவது காட்டியிருக்கலாம். என்ன சொல்கிறீர்கள்?