நானே எழுதிய பைலா

பழைய மாணவர் சங்கத்தின் பைலாவை, அதாவது சங்கத்தை நடத்தும் விதிகளை, புதிதாக எழுதித் தருகிறேன் என்று நானாகத்தான் போய்ச் சொன்னேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

சென்னையில் ஒரு கம்பெனியின் செயலர் அலுவலகத்தில் காலமெல்லாம் வேலை பார்த்தவள் நான். இயக்குநர் கூட்டத்துக்கு நோட்டீஸ் அனுப்புவது, தீர்மானங்களை எழுதுவது, எது முதலில் வர வேண்டும், எது பிறகு வர வேண்டும் என்று பார்ப்பது, இதுதான் என் பிழைப்பு. ஓய்வு பெற்றதும் நானும் கணவரும் திண்டுக்கல்லுக்கே திரும்பி வந்துவிட்டோம். வந்த வருடமே நான் படித்த பள்ளியின் சங்கப் பொதுக்குழுவுக்குப் போனேன். யாரோ ஒருவர் எழுந்து, பழைய நிர்வாகமே தொடரட்டும் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். தேர்தல் முடிந்துவிட்டது. ஆண்கள் மேடையில் பேசிக்கொண்டிருந்தபோது, எங்களோடு படித்த பெண்கள் பாதிப் பேர் பின்பக்கம் போய் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அதில் ஏளனம் இருந்தது என்பதை இப்போது மறைக்க வேண்டியதில்லை.

சங்கத்தின் தலைவர் எனக்குப் பல வருடம் முன்னால் படித்தவர். பேகம்பூரில் தோல் வியாபாரம். ஊரே அவரை பாய் என்றுதான் கூப்பிடும். நான் அண்ணே என்பேன். யார் நினைவுக்கும் எட்டாத காலத்திலிருந்து அவர்தான் தலைவர். அவரை எதிர்த்துப் பேச வேண்டியிருக்கும் என்று வாதங்களையெல்லாம் அடுக்கிக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். ஒருவரே தொடர்ந்து பதவியில் இருக்கக் கூடாது, ரகசிய வாக்கெடுப்பு வேண்டும், வெளியூரில் இருப்பவர்கள் போனிலேயே ஓட்டுப் போட வழி வேண்டும், செயற்குழுவில் பெண்கள் இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நல்லது தங்கச்சி. எப்படா என்னைய விடுவாங்கன்னுதான் நானும் பாத்துக்கிட்டிருக்கேன். எழுதிக் குடு" என்றார்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. சண்டைக்குத் தயாராகப் போனவளுக்கு எதிராளி கிடைக்காத ஏமாற்றம்.

பைலாவை நல்லபடியாகத்தான் எழுதினேன். இன்றைக்கும் அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அதை நிறைவேற்றுவதற்காக ஒரு சிறப்புப் பொதுக்குழு கூட்டினார்கள். கூட்டத்தை நடத்தும் பொறுப்பை பாய் அண்ணன் என்னிடம் விட்டார். ஒவ்வொரு விதியும் திரையில் வரும். பேச விரும்புகிறவர்கள் மூன்று நிமிடம் பேசலாம். நேரம் முடிந்தால் மணி அடிப்பேன். தலைமையாசிரியர் மேசையிலிருந்து ஒரு பித்தளை மணியை வாங்கி வைத்திருந்தேன். முதல் ஆளுக்கு அடித்தபோது எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிக்கவில்லை.

உறுப்பினர் சேர்க்கை பற்றிய விதி வந்தபோது நத்தத்திலிருந்து வந்திருந்த என் வகுப்புத் தோழன் எழுந்தான். அவனுக்கு அங்கே மாந்தோப்பும் புளியந்தோப்பும் இருக்கின்றன. பள்ளியில் இருந்த காலத்திலேயே வாயைத் திறக்காதவன். மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டு, இந்த வருடம் மழை தவறிப்போனதில் ஆரம்பித்தான். தோப்பில் தண்ணீர் பாய்ச்சியது, மோட்டார் பழுதானது, அதைப் பார்க்க அவன் அண்ணன் போனது என்று எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தான். உறுப்பினர் சேர்க்கைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. நேரம் முடிந்தது. மணியை அடித்தேன். அவன் நிறுத்தவில்லை, கேட்கவில்லை போலிருக்கிறது. மறுபடி அழுத்தி அடித்தேன். "விஷயத்துக்கு வாங்க, இல்லேன்னா அடுத்தவங்களுக்கு வழி விடுங்க" என்று மைக்கில் சொன்னேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "சரிம்மா. எனக்கு எங்கிட்டு ஆரம்பிக்கிறதுன்னு தெரியல" என்று சொல்லி மைக்கைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தான்.

சாப்பாட்டு வரிசையில் நின்றபோது என் தோழி வந்து விஷயத்தைச் சொன்னாள். பள்ளியில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள் அவள். இப்போது பஸ் ஸ்டாண்டு அருகே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். அவனுடைய அண்ணன், அவரும் எங்கள் பள்ளியில் படித்தவர்தான், மோட்டார் அறையில் கரண்ட் அடித்து இறந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. சபையில் எல்லோரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனமாக இருக்க வேண்டும் என்று கேட்கத்தான் அவன் எழுந்திருக்கிறான்.

அவனைத் தேடினேன்; சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டான் என்றார்கள். நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். அதே சமயம், முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தால் நிகழ்ச்சி நிரலிலேயே சேர்த்திருப்பேனே என்ற எண்ணமும் உள்ளே ஓடியது. அன்று மாலை அவனுக்கு வாட்ஸப்பில் ஆழ்ந்த இரங்கல் என்று ஒரு செய்தி அனுப்பினேன். அவன் கைகூப்பும் படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினான். அதோடு அது முடிந்துவிட்டது என்று இருந்துவிட்டேன்.

புது பைலாவின்படி தேர்தல் வந்தது. செயலாளர் பதவிக்கு நான் மனு கொடுத்தேன். யாரும் போட்டியிட மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கடைசி நாளில் என் வகுப்பில் படித்த இன்னொருவன் வீட்டுக்கு வந்தான். இன்சூரன்ஸ் ஏஜெண்ட். எல்லோர் வீட்டுக் கல்யாணத்திலும் பந்தியில் நின்று பரிமாறுகிறவன். சிலர் தன்னையும் நிற்கச் சொல்கிறார்கள், நீ வேண்டாமென்றால் நிற்கவில்லை என்றான்.

"தாராளமா நில்லு. போட்டியில்லாம எதுக்கு ஓட்டுப் பெட்டி" என்று சொல்லி அவனுக்குக் காப்பி கொடுத்தேன். அவன் போனதும், பைலாவை இவன் ஒரு பக்கமாவது படித்திருப்பானா என்று கணவரிடம் கேட்டுச் சிரித்தேன்.

ஓட்டு எண்ணிக்கை வெளிப்படையாக இருக்க வேண்டும், ஒவ்வொரு சீட்டையும் சபையில் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும் என்பது நான் எழுதிய விதி. நான் ஒன்றாம் எண், அவன் இரண்டாம் எண். பள்ளியின் இளம் ஆசிரியை ஒருத்தி மேடையில் நின்று சீட்டுகளைப் பிரித்துப் படித்தாள். நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு, இரண்டு, ஒன்று, இரண்டு, இரண்டு, இரண்டு. முதலில் ஏதோ ஒரு கட்டு அப்படி அமைந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு என் கைகள் இருக்குமிடம் தெரியாமல் போய், அவற்றை மடியில் எப்படி வைத்துக்கொள்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணுக்கே சங்கடமாகிவிட்டது. இரண்டு என்று சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

தேர்தல் அதிகாரியாக இருந்த பாய் அண்ணன் மேடையிலிருந்து இறங்கி என் பக்கம் குனிந்தார். "மிச்சத்த கட்டுக் கட்டாப் பிரிச்சு எண்ணிக்கிரலாமா தங்கச்சி?" என்று மெல்லக் கேட்டார்.

"விதிப்படி வாசிக்கட்டும்ணே" என்றேன்.

அதனால் கடைசிச் சீட்டு வரைக்கும் கேட்க வேண்டியிருந்தது. போனில் விழுந்த ஓட்டுகளும் அப்படியேதான். எனக்குக் கிடைத்த மொத்த ஓட்டை விட, அன்று ஹாலில் இருந்த என் வகுப்புக்காரர்களே அதிகம். பழைய வழக்கப்படி கை தட்டித் தேர்ந்தெடுத்திருந்தால் எனக்கும் தட்டியிருப்பார்கள். முகத்துக்கு நேரே யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். மனதில் இருப்பதை பயமில்லாமல் சொல்ல அவர்களுக்கு வழி செய்து கொடுத்தவள் நான். அவர்கள் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் என்ன ஆயிற்று என்று கேட்டார். எண்ணிக்கை இன்னும் முடியவில்லை என்று பொய் சொன்னேன். அவருக்கு அதற்குள் யாரோ போனில் சொல்லியிருக்கிறார்கள். தெரியாதவர் மாதிரியே, சாப்பிடு என்று தட்டை எடுத்து வைத்தார். அது ஓட்டு எண்ணிக்கையை விடக் கூசியது.

அதன்பிறகு செய்ததுதான் இன்னும் கேவலம். போனில் ஓட்டுப் போட முயன்றவர்களில் சிலருக்கு ஓட்டுப் போடும் பக்கத்துக்குள் நுழைய முடியவில்லை என்று கேள்விப்பட்டு, நானே எழுதிய முறையீட்டு விதியின் கீழ் ஒரு புகார் தயாரித்து அனுப்பினேன். அந்தச் சிலர் எனக்கே போட்டிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் யார் யாருக்கு ஓட்டுப் போட முடியாமல் போனது என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் தோழியின் ஜெராக்ஸ் கடைக்கும் போனேன். அவளைச் சாட்சிக்குச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. கடையில் இருந்த கல்லூரிப் பெண்கள் போகும்வரை அவள் காத்திருந்தாள்.

"நான் உனக்குப் போடலடி" என்றாள்.

ஏன் என்று கேட்டேன்.

"அன்னைக்கு மணியடிச்ச. சரி, தெரியாம அடிச்ச. நான் வந்து சொன்னதுக்கப்புறம் நத்தத்துக்கு ஒரு எட்டு போயிட்டு வருவேன்னு பாத்தேன். வாரா வாரம் பாத்தேன். போகல. நம்ம வீட்ல ஒண்ணுன்னாலும் இவ மெசேஜ்தான் அனுப்புவான்னு தோணுச்சு. என்னைய மாதிரிதான் மத்தவங்களும் நெனச்சிருப்பாங்க. ஆளாளுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கிட்டு அலையாத. பாக்க நல்லா இல்ல."

அவள் குரலில் கோபம் இல்லை. கல்லாவில் சில்லறையைச் சரிபார்ப்பது போலக் குனிந்துகொண்டே சொன்னாள். நான் ஒரு பேனா வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். சும்மா வெளியேறக் கூச்சமாக இருந்தது. அன்றே புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக பாய் அண்ணனுக்கு எழுதினேன். காரணம் எழுதவில்லை. அவரும் கேட்கவில்லை.

மறுநாள் நத்தத்துக்கு பஸ் ஏறினேன். அவன் வீட்டு முற்றத்தில் புளி உடைத்துக்கொண்டிருந்தார்கள். கோதும் கொட்டையும் ஒரு பக்கம் குவிந்திருந்தன. என்னைப் பார்த்ததும் அவன் வேட்டியைச் சரி செய்துகொண்டு ஓடி வந்தான். நாற்காலியைத் துடைத்துப் போட்டான். இம்புட்டுத் தூரம் வெயிலில் வர வேண்டுமா, போன் செய்திருந்தால் நானே வந்திருப்பேனே என்றான். தேர்தலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ்ஸில் வரும்போது என்ன சொல்ல வேண்டும் என்று வாக்கியம் வாக்கியமாக யோசித்து வைத்திருந்தேன். அன்றைக்கு நான் அப்படிச் செய்திருக்கக் கூடாது என்று தொடங்கினேன்.

அதற்குள் உள்ளிருந்து ஒரு பெண் தண்ணீரோடு வந்தார். அவன் அவசரமாக என் பேச்சில் குறுக்கிட்டான். "எங்க மதினி" என்றான். பிறகு அவரிடம் திரும்பி, "மதினி, நான் சொன்னேன்ல, சங்கத்துல அண்ணனுக்காக எல்லாரையும் எந்திரிச்சு நிக்கச் சொன்னது இவங்கதான்" என்றான்.

அந்த அம்மா செம்பைக் கீழே வைத்துவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"சொல்லுச்சும்மா தம்பி. அம்புட்டுப் பேரும் எந்திரிச்சு நின்னாங்களாம்ல. அவரு படிச்ச எடத்துல அவர நெனச்சாங்கங்கிறதுதான் எனக்கும் பிள்ளைகளுக்கும் ஆறுதலு. நீ நல்லா இருக்கணும்."

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் புளிக்குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்று சாப்பிடாமல் பஸ் ஏறி வந்தவனிடம், கூட்டத்தில் என்ன நடந்தது என்று வீட்டில் கேட்டிருப்பார்கள். நடந்ததைச் சொல்ல அவனுக்கு வாய் வந்திருக்காது. எனக்காகப் பொய் சொன்னான் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பெண்ணுக்காகச் சொன்னான். ஆனால் அந்தப் பொய்யில் என்னை நல்லவளாக வைத்திருந்தான். அப்படி வைக்க வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை.

இல்லைம்மா, அப்படி நடக்கவில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. தலையை ஆட்டினேன். அவர் கையை விடவேயில்லை. சோறு சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். உட்கார்ந்து சாப்பிட்டேன். கத்திரிக்காய் வெஞ்சனத்தை இரண்டாம் முறையும் வைத்தார். அதையும் சாப்பிட்டு முடித்தேன்.

பஸ்ஸுக்கு வழியனுப்ப வந்தபோது அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடும்மா. எனக்கும் சுருக்கமாப் பேச வரல" என்றான்.

ஏஜெண்ட் தோழன் செயலாளர் வேலையை ஒழுங்காகவே பார்க்கிறான். பைலாவை அவன் முழுதாகப் படித்திருக்கிறான். புரியாத இடத்தில் எனக்குப் போன் செய்து கேட்பான். எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். அடுத்த பொதுக்குழுவுக்கு முன்னால் நான் ஒரு திருத்தம் எழுதிக் கொடுத்தேன். கூட்டத்தின் முதல் வேலையாக அந்த வருடம் இறந்தவர்களின் பெயரைப் படித்து எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும், அதற்கு நேர அளவு கிடையாது என்று. அவன் உடனே ஒத்துக்கொண்டான். விட்டுப்போன பெயராக நத்தத்துத் தோழனுடைய அண்ணன் பெயரையும் சேர்க்கச் சொன்னேன். வீட்டார் என்ற முறையில் அவனுக்குத் தகவல் போனது.

இரண்டு நாள் கழித்து நத்தத்திலிருந்து போன் வந்தது. கொஞ்ச நேரம் மழையைப் பற்றியும் புளி விலையைப் பற்றியும் பேசினான். நான் குறுக்கிடாமல் கேட்டேன்.

"ஒண்ணும் நெனச்சுக்காதம்மா. அண்ணன் பேரு வேணாம், எடுத்துரு" என்றான். "வீட்ல போன தடவையே ஆச்சுன்னு சொல்லியாச்சுல. இப்ப மறுபடியும் வந்தா, அப்ப அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு மதினி கேக்கும்."

சரி என்றேன். செயலாளரைக் கூப்பிட்டு அந்தப் பெயரை எடுக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டான். வீட்டார் விருப்பம் என்றேன்.

பொதுக்குழு அன்று மற்ற பெயர்களைப் படித்தார்கள். எல்லோரும் எழுந்து நின்றோம். நத்தத்திலிருந்து அவனும் வந்திருந்தான். எனக்கு முன் வரிசையில், தலை குனிந்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். படிக்காத எந்தப் பெயருக்காக நிற்கிறான் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. உட்காரச் சொன்ன பிறகும் அவன் சிறிது நேரம் நின்றான். அவன் உட்காரும்வரை நானும் நின்றேன். பக்கத்தில் இருந்த ஒரு இளம்பெண் என்னை அண்ணாந்து பார்த்து, "நீங்கதானே ஆன்ட்டி பைலா எழுதினது?" என்று ஆர்வமாகக் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.