சர்ப்ரைஸ் விசிட்டுக்கு கார் அனுப்பியவன்

பனியன் கம்பெனி நடத்துகிறவனுக்கு நூல்காரனை விட, சாயக்காரனை விட, ஆடிட்டரோடுதான் பொழப்பு. கடல் தாண்டி உட்கார்ந்து ஆர்டர் கொடுக்கும் பையரே, இந்த வெட்கக்கேட்டுக்கு நீங்கள்தான் காரணம்! தொழிலாளிகளை நான் ஒழுங்காக நடத்துகிறேனா என்று பார்க்க வரும் ஆடிட்டரை நானே பிடித்து, நானே ஃபீஸும் கட்ட வேண்டும் என்றீர்கள். டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடியாகச் சேர்ந்து, டெய்லராகி, நெருப்பெரிச்சல் என்ற ஊரில் சொந்த யூனிட் போட்டவன் நான். காசு கொடுத்த இடத்தில் பேரம் பேசாமல் இருக்கத் தெரியுமா? என்னைப் போல மாட்டிக்கொண்ட சக முதலாளிகளே, கேளுங்கள்.

முதல் நாள் போன்

சொல்லாமல் கொள்ளாமல் வந்து சோதிக்க வேண்டும் என்பது பையர் போட்ட விதி. முந்தின நாள் சாயங்காலம் கோயமுத்தூரில் இருந்து ஆடிட்டரே கூப்பிட்டார். "நாளைக்கு சர்ப்ரைஸ் விசிட் சார். ஒம்பது மணிக்கு கார் அனுப்பிருங்க."

ஏசி ரூம்

பின்வாசல் கம்பிக்கதவை எப்போதும் பூட்டியே வைப்பேன். தைத்த பீஸ் களவு போய்விடும் என்ற பயம். அதைத் திறந்து வைக்கச் சொல்லி என்னிடம் ஓயாமல் சண்டை போட்டவள், தைத்த பனியனைச் சரிபார்க்கும் செக்கிங் ராசாத்தி, சங்கரன்கோயில் பக்கத்துப் பெண். ஆடிட்டர் அவளைப் பேட்டிக்குக் கூப்பிட்டபோது, பூட்டைப் பற்றிச் சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். என் ஏசி ரூமில்தான் பேட்டி. ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். "ஏன் கண்ணு, என்கிட்ட மட்டும் அந்தக் கத்து கத்தற?" என்றேன்.

"உங்க கார்ல வந்து எறங்குத ஆளுகிட்ட உங்களப் பத்தி என்னத்த மொதலாளி சொல்ல?"

பேரம்

ஆனாலும் ஆடிட்டர் பூட்டைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. "ஏனுங்க, ஃபீஸும் நான் கட்டோணும், ஆர்டரையும் நானே இழக்கோணுமா? அடுத்த தடவ வேற ஆளக் கூப்புட்டுக்கறனுங்க!" என்று மேஜையைத் தட்டினேன். சாயப்பட்டறையில் பேரம் பேசுகிற அதே பேச்சு. மனுசன் இறங்கி வந்தார்.

"கோவிச்சுக்காதீங்க சார். பூட்ட விட்டுடறேன், தண்ணி டம்ளர் பத்தலைன்னு எழுதிக்கறேன். ஒண்ணுமே எழுதாமப் போனா என்னை நம்ப மாட்டாங்க."

பாஸ்

ஆடிட்டில் பாஸ். அடுத்த மாதமே முன்வாசல் பக்கம் கிடந்த வேஸ்ட் துணி மூட்டையில் தீப்பிடித்தது. பெண்கள் பின்வாசலுக்கு ஓடி, பூட்டிய கதவில் முட்டி மோதினார்கள். சாவி என் சட்டைப் பையில், நான் பேங்கில். யாரோ பூட்டை உடைத்து எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். கம்பிக்கும் கூட்டத்துக்கும் நடுவில் சிக்கிய ராசாத்திக்குக் கை முறிந்தது. ஆஸ்பத்திரிக்கு அவளைப் பார்க்கப் போனேன். அவள் கேட்டாள்.

"நாங்க உள்ள இருக்கோம்னு உங்களுக்கும் அந்த ஆடிட்டருக்கும், ரெண்டு பேருல ஒருத்தருக்குமா ஞாபகம் வரல மொதலாளி?"

பையரே, பூட்டை நான் எடுத்துவிட்டேன். இனி ஆடிட்டரை நீங்களே தேர்ந்தெடுத்து, நீங்களே கூலி கொடுத்து அனுப்புங்கள். என் கையில் காசு வாங்குகிற யாரையும் நான் படியவைத்து விடுவேன்.