அவள் பெயருக்கு எழுந்தவள்

அறுபது பிள்ளைகள் வரை படிக்கும் தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் இருக்க வேண்டும் என்கிறது கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணை. கல்வி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த அட்டவணையை ஊர் ஊராக அனுப்பியே தலை நரைத்தது. நரிக்குடிப் பக்கம் என் ஊர்ப் பள்ளியில் இருந்தது ஒரே ஆசிரியை. செல்போனில் புள்ளிவிவரம் ஏற்றியதுபோக மிச்ச நேரத்தில் ஐந்து வகுப்புகளுக்கும் பாடம் நடத்தினார்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் கல்வியை மேம்படுத்துவது பற்றி விவாதம் நடந்தது. ஒருவர் ஸ்மார்ட் போர்டு கேட்டார். இன்னொருவர் சுற்றுச்சுவர் கேட்டார். அருப்புக்கோட்டை மில்லுக்கு வேலைக்குப் போகும் ஒரு பெண் எழுந்தாள்.

"எம் மக நாலாப்பு சார். இன்னும் எழுத்துக்கூட்ட வரல. பக்கத்துல உக்காந்து சொல்லிக்குடுக்க இன்னொரு டீச்சரு வேணும்."

மனுவை நான் எழுதினேன். அந்தச் சிறுமியின் நிலையைப் பெயரோடு குறிப்பிட்டேன்.

விசாரிக்க அதிகாரி வருகிறார் என்றதும் ஊருக்கு ரோஷம் வந்துவிட்டது. காரியாபட்டித் தனியார் பள்ளிக்கு வேனில் போகும் பிள்ளைகளை அன்று நிறுத்தி, நம் பள்ளிச் சீருடையில் உட்கார வைப்பதென்று முடிவு. வாசிக்கத் திணறுகிறவர்கள் வரக்கூடாது.

"படிக்க வராததக் காட்டுனாத்தானய்யா டீச்சரு குடுப்பாக," என்றேன்.

குழுவுக்குத் தலைவி உண்டு. பேசுவது அவர் கணவர். "வர்றவுக முன்னாடி ஊரு மானம் போகணுமா சார்? ஒங்களுக்கு ரூலுதான் தெரியும்."

காலையில் அந்தத் தாயிடம் மகளின் சீருடையை வாங்கிப்போனார்கள். ஆடு மேய்க்க அனுப்பப்பட்ட மகள், பள்ளி ஜன்னலுக்கு வெளியே என் பக்கத்தில் வந்து நின்றாள். அதிகாரி அவள் பெயரைக் கூப்பிட்டார். அவள் சட்டையைப் போட்டிருந்த வேறொரு பிள்ளை எழுந்து, ஒரு பக்கத்தைத் தடங்கலின்றி வாசித்தது. உள்ளே கை தட்டினார்கள். இவளும் தட்டினாள்.

"தாத்தா, இனி நான் படிச்சுட்டேன்னு எழுதிக்குவாகளா?"

"எழுதிக்குவாக."

அதிகாரி ஜீப்பில் ஏறும்போது நடந்ததைச் சொன்னேன். "பாத்ததத்தான் எழுத முடியும். எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க சார்," என்றார். பணிக்காலம் முழுக்க நான் சொன்ன வாக்கியம்தான். எழுத்தில் கொடுத்தேன். நினைவூட்டல் கொடுத்தேன். அதற்கும் நினைவூட்டல் கொடுத்தேன். அதற்குள் அவள் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். எழுத்து மட்டும் கூடவில்லை.

பதில் ஒரே வரி: மனுவில் கண்ட மாணவி சரளமாக வாசிப்பது நேரில் உறுதி செய்யப்பட்டதால் கூடுதல் ஆசிரியர் தேவை எழவில்லை.

ஆறாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்கள் என்று பயந்து, பஸ்ஸில் ஏறமாட்டேன் என்று அவள் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுத, பள்ளிகள் திறந்த முதல் திங்கட்கிழமை அந்தப் பதில் வந்தது.