சித்தியின் கட்டைவிரல்

ஏரிக்கரைப் படகுச் சங்கத்தின் மேனேஜர் அறையில் நடந்த பேச்சு எனக்கு வரிசையாக நினைவிருக்கிறது. மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. சித்திக்கு அவருடைய மொழி கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான் வரும். நான் இரண்டு மொழியிலும் படித்தவள். "நீ இருக்கற ஒரு வாயையே திறக்க மாட்டே, இன்னிக்கு எனக்கும் சேத்துத் திற" என்று சொல்லித்தான் சித்தி என்னை அழைத்துப் போயிருந்தாள்.

அறையில் ஐந்து பேர் இருந்தோம். மேனேஜர், படகு ஓட்டுநர், சித்தி, நான், பிறகு பார்ட்னர். பார்ட்னர் என்பது சித்தியின் தோழி. சித்தியும் அவளும் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கேட்டுக் கேட்டு நாங்களும் அவளைப் பார்ட்னர் என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டோம்.

மேனேஜர் முதலில் சித்தியின் முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டார். சித்தி கட்டுப் போட்ட காலை இன்னொரு நாற்காலியில் நீட்டியிருந்தாள்.

"இருக்கு, வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன்னு சொல்லு" என்றாள். நான் "பரவாயில்லை" என்று மட்டும் சொன்னேன்.

சித்தி படகுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்துச் சறுக்கும்போது விழுந்த அன்று என்ன நடந்தது என்று கேட்டார்.

"ரெண்டாவது சுத்துல படகு வேகமாயிடுச்சு. எனக்குத் தாங்கல. கொறைக்கச் சொல்லிக் கட்டைவிரலக் கீழ காட்டினேன். படகுல இருந்த பார்ட்னர் பாத்துச் சரின்னு தலைய ஆட்டினா. அதுக்கப்பறமும் வேகம் கூடுச்சு, விழுந்துட்டேன். இவ்வளவுதான். மாத்தாம சொல்லு."

மாற்றாமல் சொன்னேன்.

ஓட்டுநர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வேகத்தைக் குறைக்கும்படி தன்னிடம் யாரும் சொல்லவில்லை என்றார். மேனேஜர் பார்ட்னரைப் பார்த்தார்.

பார்ட்னர் அவருடைய மொழியில் பேசினாள். அவளுக்கு அது நன்றாக வரும். "அவள் கட்டைவிரலை மேலேதான் காட்டினாள். இன்னும் வேகம் கேட்டாள். வேண்டாம் என்று நான் தலையாட்டினேன்."

சித்தி சிரித்த முகத்தோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் குனிந்து, "சொல்லிட்டாளா?" என்றாள்.

"நீ மேல காட்டினேன்னு சொல்றாங்க சித்தி."

"நல்லாக் கேளுடி."

"நல்லாத்தான் கேட்டேன்."

சித்தி நிமிர்ந்தாள். "பார்ட்னர், அதைத் தமிழ்ல ஒரு தடவ சொல்லு."

"அதான் உங்க பொண்ணு சொல்லிட்டாளே" என்றாள் பார்ட்னர்.

அவள் சித்தியை "நீ" என்றுதான் பேசுவாள். சண்டையிலும் நீதான், சமாதானத்திலும் நீதான். அந்த "உங்க" என்ற சொல்லை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன்.

படகில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்த பார்ட்னர் சொல்வதைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றார் மேனேஜர். தன் பழக்கத்துக்கு மீறிய வேகத்தைக் கேட்டு வாங்கி விழுந்தவரை இனி எந்தப் படகிலும் ஏற்ற மாட்டோம், கால் குணமானாலும் வர வேண்டாம் என்றார். அதையும் நான்தான் சித்திக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

அவள் எதை இழந்துவிட்டு அந்த அறையிலிருந்து நொண்டிக்கொண்டு வெளியே வந்தாள் என்று தெரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சித்தி கார் சீட்டுக்கு உறை தைக்கும் கடையில் வேலை செய்பவள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே கடை, அதே கனமான மெஷின். ரெக்சின் இரண்டு மடிப்பாக வரும் இடத்தில் ஊசி திணறும்; அங்கே மட்டும் சக்கரத்தைக் கையால் சுற்றுவாள். மாலையில் வீட்டுக்கு வந்தால் தோசைக்கல்லையும் அப்படித்தான் ஒரு கையால் அழுத்தித் தேய்ப்பாள். தனக்கென்று அவள் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. கூட்டத்தில் போட்டோ எடுத்தால் ஓரமாக நின்று யாருடைய பையையாவது பிடித்துக்கொண்டிருப்பாள்.

நாற்பது தாண்டிய பிறகு ஒருநாள், சங்கத்துப் படகின் கிழிந்த சீட்டுக்கு அளவு எடுக்க ஏரிக்குப் போனாள். படகு வரும்வரை கரையில் காத்திருந்தாள். வந்த படகுக்குப் பின்னால், கயிற்றைப் பிடித்துக்கொண்டு, காலில் கட்டிய ஒரு பலகையில் நின்றபடி தன் வயதுக்காரி ஒருத்தி வந்தாள். வேக்போர்டு என்று பெயர் சொன்னார்களாம். "பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி நிக்கறாடி. தண்ணி மேல" என்று வீட்டில் வந்து சொன்னாள். சீட்டின் அளவைத் தப்பாக எடுத்து வந்திருந்தாள். அந்தக் கடையில் அவள் செய்த ஒரே தப்பு அதுதான் என்று அவளுடைய முதலாளி இன்றும் சொல்வார்.

பக்கத்து பேட்டரிக் கடையில் பில் போடுபவள்தான் பார்ட்னர். அமில வாடையில் நாள் முழுதும் உட்கார்ந்து இருமுவாள். சித்தி அவளிடம் போய்ச் சொன்னாள். இருவரும் முதலில் பொதுக் குளத்தில் நீச்சல் கற்றுக்கொண்டார்கள். பிறகு, பலகையில் எந்தக் கால் முன்னால் நிற்க வேண்டும் என்று பார்க்க ஒரு வழி உண்டு என்று கேட்டுக்கொண்டு வந்து, கடைக்குப் பின்னால் இருக்கும் சந்தில் செய்து பார்த்தார்கள். சித்தி கண்ணை மூடி நின்றாள். பார்ட்னர் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். தடுமாறும்போது எந்தக் கால் முதலில் போகிறதோ, அதுதான் முன்கால். சித்திக்கு இடது.

"இன்னொரு தடவ தள்ளு, சந்தேகமா இருக்கு."

"உன்னத் தள்ள எனக்குக் கசக்குமா? வாரம் பூரா தள்றேன்."

முதல் நாட்களில் சித்தி எழுந்து நிற்கவே இல்லை. கயிறு இழுக்கும்போது இவளும் பதிலுக்கு இழுப்பாள், முகங்குப்புற விழுவாள். "மெஷின் துணிய இழுக்கும்போது நீ இழுப்பியா? விட்டுக் குடுக்கறே இல்ல, அந்த மாதிரி" என்று படகிலிருந்து பார்ட்னர்தான் கத்தினாள். அதற்குப் பிறகு முட்டியை நெஞ்சோடு மடக்கி, கையை நீட்டி, பேசாமல் இருந்தாள். படகே அவளைத் தூக்கி நிறுத்தியது. அடுத்த நிமிடம் விழுந்தாள். மூக்கிலும் வாயிலும் தண்ணீர்.

"ஏரியக் குடிச்சுத் தீத்துடாதடி, மத்தவங்களுக்கும் வேணும்" என்றாள் பார்ட்னர்.

படகின் இரைச்சலில் பேச்சு கேட்காது. ஓட்டுநர் முன்னால் பார்க்க வேண்டியவர். அதனால் ஒருவர் அவர் பக்கத்தில் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து, கயிற்றில் வருபவரின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். கட்டைவிரல் மேலே என்றால் வேகம் கூட்டு, கீழே என்றால் குறை. பார்த்ததை ஓட்டுநரிடம் சொல்வது அவர் வேலை. சித்தி தண்ணீரில் இருக்கும்போது பார்ட்னர் உட்காருவாள், பார்ட்னர் இருக்கும்போது சித்தி. வேறு யாரும் உட்கார இருவரும் சம்மதித்ததில்லை.

சாமான்களைப் பார்த்துக்கொள்வது மட்டும் சித்தியின் பொறுப்பாகிவிட்டது. பார்ட்னர் தன் பலகையையும் அதில் பொருத்திய பூட்ஸையும் ஈரத்தோடு பையில் திணித்து, "உன் கை பட்டாத்தான் அதுக்கு ஆயுசு" என்று கொடுத்துவிடுவாள். அதனால் இரண்டு பலகைகளும் சித்தி வீட்டுப் பின்பால்கனியில்தான் இருக்கும். சித்தி அவற்றை நல்ல தண்ணீரில் கழுவுவாள். பூட்ஸுக்குள் விரலை விட்டு மணலை எடுப்பாள். வெயிலில் வைத்தால் பசை விட்டுப்போகும் என்று நிழலில்தான் உலர்த்துவாள். தண்ணீரில் மிதக்கப் போடும் ஜாக்கெட்டை மடிக்காமல் அகலமான ஹேங்கரில் மாட்டுவாள். கயிற்றில் முடிச்சு விழாமல் பெரிய வளையமாகச் சுருட்டுவாள்.

"இந்த வீட்டுல நான் வெயில்ல நிக்கலாம், பூட்ஸ் நிக்கக் கூடாது" என்பார் சித்தப்பா.

"உங்களுக்குப் பசை எப்பவோ விட்டுப்போச்சு" என்பாள் சித்தி.

எல்லாவற்றையும்விடத் திருகுகளில்தான் அவளுக்குக் கவனம். பூட்ஸைப் பலகையோடு பிடித்திருப்பவை அவை. அலையில் அடிபட்டு அடிபட்டுத் தானாகக் கழலும். ஒரு கால் பிடிப்பிலும் மற்றது ஆட்டத்திலும் இருக்கும்போது விழுந்தால் கணுக்கால் திருகிக்கொள்ளும். ஒவ்வொரு முறை போகும் முன்பும் இரண்டு பலகையிலும் திருகைத் தொட்டுப் பார்த்து இறுக்குவாள். பார்ட்னரின் பலகையை முதலில், தன்னுடையதைப் பிறகு.

மேனேஜர் அறையிலிருந்து வந்த அன்று சித்தி சாப்பிடவில்லை. கட்டிலில் சாய்ந்துகொண்டு, பார்ட்னர் சொன்ன வாக்கியத்தை அந்த மொழியிலேயே சொல்லச் சொன்னாள். சொன்னேன். சொல் சொல்லாகப் பிரித்துக் கேட்டாள். எது "மேலே", எது "நான்", எது "வேண்டாம்" என்று தெரிந்துகொண்டாள். பிறகு தானே ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். உச்சரிப்பு சரியாகத்தான் இருந்தது.

"அவ தலையாட்டினத நான் வேற மாதிரி எடுத்துக்கிட்டேன்னா என்ன செய்யறது?" என்றாள்.

"அவங்க ஓட்டுநர்கிட்ட சொன்னாங்களா, அன்னிக்கு?"

"சொன்னா. திரும்பி அவர் காதுல சொன்னத என் கண்ணால பாத்தேன். அவர்தான் கேக்கல. கரையில யாரோ படம் புடிச்சுட்டு இருந்தாங்க, அவருக்கு அலை பெரிசா வேணும். அவ சொன்னாடி. அப்பறம் ஏன் மாத்திப் பேசினா? அதான் எனக்குப் புரியல."

புரிந்தது அடுத்த வாரம். பார்ட்னர் போன் செய்தாள். சித்தி கைவேலையாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள்.

"கால் எப்படி இருக்கு?"

"நீட்டினா நீளுது."

"கோவமா?"

சித்தி நூலைப் பல்லால் கடித்தாள்.

"இதக் கேளு. சங்கத்துல எனக்கு வேலை சொல்லியிருக்காங்க. புதுசா வர்ற பொம்பளைங்களுக்கு நான் கத்துக்குடுக்கணும். பேட்டரிக் கடைய விட்டுடலாம். டிரைவர் மேல தப்புன்னு ஆயிட்டா சங்கத்தையே பூட்டிடுவாங்க. அப்பறம் உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல. உனக்கு எப்படியும் கொஞ்ச நாளைக்குப் பலகையில ஏற முடியாது. நான் சொன்னதால உனக்கு என்ன குறைஞ்சுபோச்சு?"

"என் முகத்துக்கு நேராவே சொன்னியே, பார்ட்னர். அந்த மொழி எனக்குப் புரியாதுன்னு."

மறுமுனையில் இருமல் கேட்டது. பிறகு பார்ட்னர், "ஞாயித்துக்கிழமை முதல் வகுப்பு. என் பலகை உன்கிட்ட இருக்கு, யாரையாவது விட்டுக் குடுத்தனுப்பு" என்றாள்.

"அனுப்பறேன்" என்றாள் சித்தி.

சனிக்கிழமை நான் போனபோது பின்பால்கனியில் முக்காலி போட்டு, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பார்ட்னரின் பலகை மடிமேல் இருந்தது. கழுவித் துடைத்து, பைக்குள் போட வேண்டியதுதான் பாக்கி. அவள் கை பழக்கமாகத் திருகுகளுக்குப் போனது. வலது பூட்ஸைப் பிடித்து ஆட்டினாள். லொடலொடவென்று ஆடியது. விபத்துக்குப் பிறகு அந்தத் திருகுகளை யாரும் இறுக்கவில்லை.

திருப்புளியை எடுத்துத் திருகின் தலையில் வைத்தாள். திருகாமலே திருப்புளியைக் கீழே வைத்துவிட்டாள்.

கதவோரம் நின்றிருந்த சித்தப்பா, "அப்படியே குடுத்தனுப்பு" என்றார். அவர் குரலில் கேலி இல்லை. "புதுசா வர்றவங்க முன்னாடி விழட்டும். அவ கால், அவ பாடு."

"அந்தக் கால நான் எத்தன தடவ பூட்ஸுக்குள்ள திணிச்சு விட்டிருக்கேன்" என்றாள் சித்தி.

"அப்ப இறுக்கிக் குடு."

"மாட்டேன். இனிமே அவளுக்கு இந்தக் கை ஒரு வேலையும் செய்யாது."

"நான் இறுக்கிடறேன் சித்தி" என்று குனிந்தேன்.

"தொடாதே."

"அப்ப ஒரு சீட்டுல எழுதிப் பைக்குள்ள போட்டுடறேன். திறந்ததும் பாத்துக்குவாங்க."

சித்தி பலகையைப் பைக்குள் தள்ளி, ஜிப்பை இழுத்து மூடி, வாரை என் தோளில் மாட்டினாள். மாட்டிய பிறகும் வாரை விடவில்லை.

"எழுதாதே. உனக்கு எழுதறது சுலபம், தெரியும். இந்த ஒரு தடவ எனக்காக வாயத் தொற. அவ எதிர்ல போய் நில்லு. பக்கத்துல யார் இருந்தாலும் சரி. வலது பூட்ஸ்ல திருகு கழண்டிருக்கு, சித்தி பாத்தா, ஆனா இறுக்கலன்னு சொல்லு. கூடவும் வேண்டாம், கொறையவும் வேண்டாம். கேட்டுச்சுன்னு அவ வாயால சொல்ற வரைக்கும் அந்த எடத்த விட்டு வராதே."