காந்தம் ஒட்டாத இடம்

"இடது முன் மட்கார்டு: காந்தம் ஒட்டுகிறது. பட்டி இல்லை." 1996 ஆகஸ்ட் 18, ஞாயிறு காலை என்று தேதியிட்டு, என் டைரியில் என் கையெழுத்தில் இருக்கும் வரி இது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மீதியைக் கேட்டு நீங்கள் சிரிக்கக்கூடும். பேய், சகுனம் எதையும் நம்பாமல், மழை பெய்த நாளைக்கூடத் தேதி போட்டு எழுதிவைக்கிறவன் நான்.

மைசூர் ஜயலட்சுமிபுரத்தில் என் நண்பன் சேகருக்கு ஒரு பழைய கார் விலைக்கு வந்தது. அறுபதுகளில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த, இரண்டே பேர் உட்காரும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். சொந்தக்காரர் இறந்து வருஷம் திரும்பவில்லை. விற்பவர் அவர் மனைவி கமலா அம்மாள், நம் தமிழ்க்காரர்தான்; மைசூர்த் தமிழர் எல்லோரையும் போலப் பேச்சில் கன்னடம் கலக்கும். நான் கார் புத்தகங்களாகப் படிக்கிறவன் என்பதால், சோதிக்கச் சேகர் என்னை அழைத்துப் போனான். இடித்து நசுங்கிய இடத்தில் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்திருந்தால் அங்கே காந்தம் ஒட்டாது. அதற்காகப் பழைய ஸ்பீக்கரில் கழற்றிய ஒரு காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். ஒரு சாண் விடாமல் வைத்துப் பார்த்தேன். எல்லா இடத்திலும் ஒட்டியது.

"என்ன மாராயா, பொண்ணு பார்க்க வந்தவன் மாதிரி சுத்திச் சுத்தி வர்றே?" என்று சேகர் காதருகே வந்தான். "ஏதாச்சும் ஒரு குறை சொல்லு. இல்லேன்னா அம்மா விலையை இறக்க மாட்டாங்க."

கமலா அம்மாள் காபி கொண்டுவந்தார். "எங்க வீட்டுக்காரர் குழந்தை மாதிரி வெச்சிருந்தார், நோடி. ஒரு கீறல் பட்டதில்லைன்னு சத்தியம் பண்ணுவார்."

அப்போதுதான் அதைச் செய்தேன். இடது மட்கார்டில் காந்தத்தை வைத்து, ஒட்டியதை நானே சுண்டுவிரலால் தட்டிவிட்டேன். தரையில் விழுந்தது. "எங்கேயோ பலமா மோதி, பட்டி வெச்சு மறைச்சிருக்காங்கம்மா" என்றேன்.

விலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "மோதினாரா? எப்போ? என்கிட்ட சொல்லவே இல்லையே" என்று அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக, "வேறே என்னெல்லாம் சொல்லாம விட்டாரோ" என்றார். சேகர் கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டார்.

அந்த வாரம் டைரியை எடுத்தபோதெல்லாம் 'பட்டி இல்லை' என்று நானே எழுதிய வரிதான் கண்ணில் பட்டது. அடுத்த ஞாயிறு, சேகர் திட்டத் திட்ட அவனையும் இழுத்துக்கொண்டு, அதே காரில் அவர் வீட்டுக்குப் போனேன். "நான் பொய் சொன்னேன்மா. உங்க வீட்டுக்காரர் சொன்னதுதான் நிஜம். நீங்களே பாருங்க" என்று காந்தத்தை அதே இடத்தில் வைத்துக் கையை எடுத்தேன்.

விழுந்தது.

நம்பினால் நம்புங்கள், கைக்குட்டையை அவிழ்த்துவிட்டு வைத்தேன், விழுந்தது, சேகர் வாங்கி வைத்தான், விழுந்தது, ஒரு விரல் தள்ளி வைத்தால் கவ்விப் பிடித்தது. உள்ளங்கை அளவு இடம் மட்டும், நான் பொய்யாகக் காட்டிய அந்த இடம் மட்டும், காந்தத்தை ஏற்கவில்லை.

கமலா அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். "எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு பொய் சொல்ல வந்தீங்களா? நல்ல மனசுப்பா உங்களுக்கு." உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் டிங்கரிங் கடையில் அந்த இடத்தைச் சுரண்டச் சொன்னேன். பட்டி இல்லை, வெல்டிங் இல்லை, சுத்தமான இரும்பு. "சும்னே நல்ல பெயிண்டைக் கெடுத்தீங்களே சார்" என்று கடைக்காரர் அலுத்துக்கொண்டார். அந்த வெற்று இரும்பில் காந்தத்தை வைத்தேன். அவர் கண்ணெதிரிலேயே விழுந்தது. "வண்டியை முதல்ல எடுத்துட்டுப் போங்க" என்றார்.

சேகர் காரை மறுவருஷமே விற்றுவிட்டான். காந்தம் என் பீரோ கதவில் ஒட்டியிருக்கிறது. விழுந்திருக்கிறதா என்று தினமும் காலையில் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். கமலா அம்மாள் மகளோடு வெளியூர் போனார், அங்கேயே காலமானார் என்று கேள்வி. கடைசிவரை கணவரைப் பொய்யர் என்றே நினைத்திருந்தாரா? தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்தேன், உறுதிப்படுத்த முடியவில்லை.