கிள்ளானிலிருந்து ஒகெல்லோவின் மகளிடம்

போன செவ்வாய்க்கிழமை கிள்ளானிலிருந்து கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் போய் வந்தேன். நாற்பது கிலோமீட்டர்கூட இராது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்ல மகள் தட்டச்சு செய்கிறாள். அவள் அலுவலகத்தில் வேலை செய்யும் உகாண்டாக்காரரின் தாயார் ஒரு மாதம் தங்க வந்திருக்கிறார். அந்த அம்மாவின் அப்பா ஒகெல்லோ, உகாண்டாவின் ஜிஞ்சா ஊர்ப் பட்டாளத்தில் குமாஸ்தா என்று மகள் வந்து சொன்னாள். அந்த அம்மாவிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன்.

காலை 9.10 கொமுட்டர் ரயில். முதியோருக்குப் பாதிக் கட்டணம், இரண்டு வெள்ளி முப்பது காசு. பக்கத்தில் காப்பாரில் ஹார்ட்வேர் கடை வைத்திருப்பவர் உட்கார்ந்தார். நான் உகாண்டாவில் இருந்தவன் என்றதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"அந்த ஜெனரல் ஆம்பளை அங்கிள். ஒரே உத்தரவுல வெளியூர்க்காரன் எல்லாரையும் நாட்டை விட்டே தூக்கினான் பாருங்க. இங்கயும் அப்படி ஒருத்தன் வரணும் லா."

"தூக்கினதுல நானும் ஒருத்தன் தம்பி."

வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் பேசினேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. ஜிஞ்சாவில் நம்மவர் ஒருவரின் துணிக்கடையில் ஆட்களுக்குச் சமையல்காரன். முந்தைய அதிபர் கடைகளை எடுத்துக்கொள்வார் என்று வியாபாரிகள் பயந்திருந்த நேரம். ஜெனரல் ஆட்சியைப் பிடித்ததும் தெருவே ஆடியது. முதலாளி கேசரி கிண்டச் சொன்னார். நல்ல சேதி என்றால் ஒரு வீடு விடாமல் பலகாரம் கொடுப்பது நம் வழக்கம்தானே. ஒகெல்லோவுக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்தேன். ஞாயிறுதோறும் எனக்குப் பேப்பர் படித்துக் காட்டுகிறவன் அவன்.

கடை வாசலில் நின்ற சிப்பாய் அது யாருக்கு என்று கேட்டான். சொன்னேன். நானே கொடுத்துவிடுகிறேன், வீடு எது என்றான். நடை மிச்சம் என்று சந்தோஷப்பட்டு, சந்தைக்குப் பின்வரிசை, நீலக் கதவு என்று கைகாட்டினேன். ஒகெல்லோ முந்தைய அதிபரைப் போல வடக்குக்காரன். புது ஆட்சி வடக்குச் சிப்பாய்களைத் தேடிப் பிடிப்பதோ, அவன் இரண்டு நாளாக வீட்டுக்குள் ஒளிந்திருந்ததோ எனக்குத் தெரியாது. பிடித்துப் போன ஒகெல்லோ திரும்பவே இல்லை.

ஒன்றரை வருடம் கழித்து இந்தியர் எல்லாரும் நாட்டை விட்டுப் போகத் தொண்ணூறு நாள் கெடு. ஒரு பெட்டியோடு கிள்ளான் வந்தேன். பாவம், விரட்டப்பட்டவர் என்று எல்லாரும் இரக்கப்பட்டார்கள். வாங்கிக்கொண்டேன்.

கே.எல். சென்ட்ரலில் இறங்கும்போது 10.25. பத்து நிமிட நடையில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. அந்த அம்மா முன்னமே வந்திருந்தார். அறுபது தாண்டியவர், அப்பாவின் அதே நெற்றி. என் சுவாஹிலி துருப்பிடித்துப் போயிருந்தது. துணிக்கடை ஆள் என்றதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அம்மா யாருக்கும் கதவைத் திறக்கவில்லை. இந்தியர் வீட்டுப் பலகாரம் என்றதும் திறந்தாள். அப்பாவை வண்டியில் ஏற்றும்போது நான் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்."

நான் கைகாட்டியதைச் சொன்னேன். முழுதும் சொன்னேன். அவர் மெல்லத் தன் கைகளை எடுத்துக்கொண்டார். இலையில் சோறு வந்தது; தொடவில்லை. இலையைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசினார்.

"சிப்பாய்கள் வழியில் உங்களிடமிருந்து தட்டைப் பிடுங்கியிருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அந்தக் காலத்தில் எங்களை நினைத்துப் பார்த்தது அந்த ஒரு வீடுதான் என்று சொல்லித்தான் என் மகனை வளர்த்தேன். இனி அவனிடம் என்ன சொல்வது?"

அவர் எழுந்து போனார். இரண்டு இலைக்கு இருபத்தெட்டு வெள்ளி.

இப்படி யாரையாவது தேடிப் போகிறவர்களுக்கு: வார நாளில் ஒன்பது மணிக்கு மேல் ரயிலில் உட்கார இடம் கிடைக்கும். கடைக்குப் பதினொன்றுக்குள் போய்விடுங்கள், பிறகு கூட்டம். மனத்தில் கிடப்பதை இறக்கி வைக்கப் போகிறீர்கள் என்றால், எதிரில் இருப்பவர் எதைப் பிடித்துக்கொண்டு இத்தனை வருடம் உயிரோடு இருந்தார் என்று முதலில் கேளுங்கள். நான் கேட்கவில்லை.