ஜெபித்துவிட்டு வருகிறேன்

ஜெபத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு என் தங்கையைக் கைவிட்டவன் நான். என்னை விசுவாச வீரன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், முதலில் அந்த நினைப்பை விட்டுவிடுங்கள்!

கிரேஸ் சிதம்பரத்தில் இருந்தாள். அவள் கணவர் குவைத்தில். மார்பில் கட்டி என்று சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். திங்கட்கிழமை, கடலூரில் இருக்கும் எனக்குப் போன் செய்தாள்.

“அண்ணே, வியாழக்கெழம ரிசல்ட்டு சொல்றாங்களாம். தனியா கேக்க பயமா இருக்கு. நீ ஒண்ணும் பேச வேணாம், பக்கத்துல ஒக்காந்தா போதும்.”

“ஜெபிச்சு ஆயத்தமாயிட்டு வரேம்மா” என்றேன்.

பயம்... எனக்குத்தான் பயம்! எங்கள் அம்மா மார்பகப் புற்றுநோயில் போனவள். அந்த முகம் வற்றிப்போனதை இன்னொரு முகத்தில் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் உபவாசம் தொடங்கினேன். செவ்வாய், புதன் இரண்டு நாளும் வெறும் தண்ணீர்தான். அவளுக்குச் சொல்ல வேண்டிய வசனங்களை ஒரு தாளில் எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன்.

வியாழன் காலை பஸ் நிலையம் வரை போனேன். “சிதம்பரம், சிதம்பரம்!” என்று கண்டக்டர் கூவிக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் இடம்கூட இருந்தது. நான் இன்னும் ஆயத்தமாகவில்லை என்று ஆண்டவர் உணர்த்துவதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன். ஆண்டவரா உணர்த்தினார்? பயந்து திரும்பினேன், அவ்வளவுதான். பழியை அவர்மேல் போட்டேன்! வீட்டுக்கு வந்து, ஜெபத்துக்கு இடைஞ்சல் என்று போனின் சத்தத்தையும் அணைத்து வைத்தேன். மாலையில் பார்த்தால் நான்கு மிஸ்டு கால்.

சனிக்கிழமை போனேன். கதவைத் திறந்தவள் கோபப்படவில்லை.

“ஜெபம் முடிஞ்சுதாண்ணே?” என்றாள்.

நான் தாளை எடுத்தேன். “அத அப்புறம் படிக்கலாம், சாப்புடு” என்று சோறு போட்டாள்.

“டாக்டரு சொன்னப்ப காது அடச்சிப் போச்சுண்ணே. பக்கத்துல யாரோ ஒரு பாயம்மா, மகளக் கூட்டிட்டு வந்திருந்தாங்க. அவுங்க கையத்தான் புடிச்சிக்கிட்டேன். ரொம்ப நேரம் நான் வுடவே இல்ல, பாவம் அவுங்க.”

பெயர்கூடத் தெரியாத அந்த முஸ்லிம் அம்மாள் எந்த ஆயத்தமும் செய்துகொண்டு வரவில்லை... கையை மட்டும் கொடுத்தார்.

எட்டு மாதத்தில் கிரேஸ் போய்விட்டாள். அடக்க ஆராதனையில் நான் அழவில்லை. “கர்த்தர் இந்தச் சகோதரனை எப்படி ஆயத்தப்படுத்தியிருக்கிறார், பாருங்கள்!” என்றார் போதகர். சபையே ஆமென் என்றது. நானும் சொன்னேன். எந்த வாயால் சொன்னேன்?

இப்போது, துன்ப நாளுக்கு ஜெபத்தில் ஆயத்தமாவது எப்படி என்று வாலிபர் கூட்டத்தில் பேச வேண்டுமாம். அதற்கு என்னைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்! நேற்று போதகர் வீடு தேடி வந்து கேட்டார். அவரிடமாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். தொண்டை வரை வந்தது...

“ஜெபிச்சிட்டுச் சொல்றேங்கய்யா” என்றேன்.